கொள்ளைநோய்க் காலத்திற்கு வேண்டிய வீட்டுக் காய்கறித் தோட்டம்

காஞ்சிபுரம் ஜில்லாவில் ஒரகடத்தை அடுத்துள்ள வடக்குப்பட்டும் அதன் சுற்றுக் கிராமங்களும் ஏரித் தண்ணீரை நம்பி நெல் விளைவித்து வந்த நாட்டுப்புறத்தைச் சேர்ந்தவை. இம்மண்ணில் மனிதர் வாழத் தொடங்கிய காலம் மிகப் பழமையானது. 2022ஆம் வருஷத்தில் இந்தியத் தொல்லியல் துறையார் வடக்குப்பட்டில் அகழ்ந்தபோது கற்காலத்துக் கருவிகளே கிடைத்தன. இப்போதோ ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரையில் மோட்டார் வண்டித் தொழிற்சாலைகளும், அவற்றிற்கு உறுப்புகள் செய்துதரும் ஆலைகளும் நிறைந்திருக்கின்றன. நிலத்தில் ஒரு பகுதி ஆலைகளுக்கும், மற்றொரு பகுதி மனைப்பிரிவுகளுக்கும் போய்விட்டது. உழுது பயிரிடும் குடும்பத்தாருங்கூடக் காய்கறியை விலைக்கு வாங்குவது வழக்கமாயிற்று. அக்காய்கறியிற் பெரும்பகுதி சுமார் 40 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள சென்னைக் கோயம்பேட்டுச் சந்தையின் வழியாக வருவது.

சாதாரணக் காலத்தில் இதனைக் குறையாகச் சொல்வதற்கில்லை. ஆலை வேலைக்குப் போகிறவனுக்குக் கொல்லையிற் கொத்துவதைவிடக் கடையில் வாங்குவதே மலிவாகவும் இருக்கலாம். கொள்ளைநோய்க் காலத்தில்தான் இக்கணக்கு மாறுகிறது.

2020ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 25ந் தேதி, கொரோனா நோயைத் தடுக்கும்பொருட்டு நாடு முழுவதும் ஊரடங்கு விதிக்கப்பட்டது. முதலில் 21 நாட்களுக்கென்று விதித்தது மே மாத இறுதிவரை நீண்டது. ஆலைகள் நின்றன, பஸ்களும் நின்றன. விவசாய வேலைகளுக்கும் விதை, உரக் கடைகளுக்கும் மார்ச்சு 27ந் தேதியே விலக்கு அளிக்கப்பட்டதெனினும், சரக்கு ஏற்றிவர வண்டியும், வேலைக்கு ஆளும் கிடைப்பது அரிதாயிற்று. ஏப்ரல் மாத முடிவில் கோயம்பேட்டுச் சந்தையிலேயே நோய் பரவி, அங்கிருந்து ஊர் திரும்பிய சுமை தூக்குவோர், வியாபாரிகள் ஆகியோர் மூலமாக அரியலூர், கடலூர், விழுப்புரம் முதலிய ஜில்லாக்களுக்கும் சென்றது. மே மாதம் 5ந் தேதி சந்தை மூடப்பட்டது. சில நாட்களுக்குப்பின் பூந்தமல்லிக்கு மேற்கே திருமழிசையில் ஏறக்குறைய 200 கடைகளுடன் தற்காலிகச் சந்தையொன்று திறக்கப்பட்டது. கோயம்பேட்டில் மொத்தக் காய்கறி வியாபாரம் மீண்டும் தொடங்கியது செப்டம்பர் 28ந் தேதிதான். இதற்கிடையில் ஜூன் 19 முதல் 30 வரை சென்னையிலும், காஞ்சிபுரம், செங்கற்பட்டு, திருவள்ளூர் ஜில்லாக்களின் பல பகுதிகளிலும் ஊரடங்கு மறுபடியும் இறுக்கப்பட்டது. மறு வருஷம் மே 24ந் தேதி தொடங்கிய வாரத்தில் காய்கறிக் கடைகளுங்கூட மூடப்பட்டு, தோட்டக்கலைத் துறையாரும் உள்ளாட்சி மன்றத்தாரும் வண்டிகளில் ஏற்றித் தெருத்தெருவாகக் காய்கறி விற்க நேர்ந்தது.

இதே மாதங்களில் விற்க வழியின்றி விளைந்த காயைச் செடியிலேயே விட்டுவிட்ட குடியானவர்களின் செய்தியும் பல ஜில்லாக்களிலிருந்து வந்தது. விளைவு குறைந்ததன்று; விளைந்த இடத்திற்கும் உண்ணும் வாய்க்கும் இடையே ஒரே ஒரு வாயில் இருந்து, அது அடைபட்டதே தொல்லைக்குக் காரணம். அன்றியும், நோய் கண்ட வீட்டார் பதினான்கு நாட்கள் வெளியே வரலாகாதென்று விதி இருந்தது. அவ்வீட்டின் கொல்லையில் நாலு வெண்டைச் செடியும் ஒரு பாத்தி கீரையும் இருந்திருப்பின், அவர்களுக்கும் நலம். அவர்கள் பொருட்டுக் கடைக்குப் போய்வர வேண்டிய அயலாருக்கும் நலம்.

ஆனால் நோய் வந்த அன்று தோட்டம் போட முற்பட்டால் அது உதவாது. இதுவே இங்கு முக்கியமாகக் கவனிக்கத் தக்கது. விதைத்த நாள் முதல் முளைக்கீரை பிடுங்குவதற்கு இருபது முதல் இருபத்தைந்து நாட்கள் ஆகும். முள்ளங்கிக்கு முப்பது முதல் நாற்பத்தைந்து நாட்கள். வெண்டையும் கொத்தவரையும் காய்க்க ஏறக்குறைய நாற்பத்தைந்து நாட்கள். கத்தரிக்கு நாற்றங்காலில் ஒரு மாதமும், நட்டபின் இரண்டு மாதங்களும் செல்லும்; மிளகாய்க்கு அதனினும் அதிகம். செடிமுருங்கை விதைத்து ஆறு மாதங்களிற் காய்க்கும். ஆகவே 21 நாள் ஊரடங்கின் முதல் நாளில் விதைத்தவனுக்கு அது முடியும்போது கைக்கு எட்டுவது ஒரு கட்டுக் கீரையே. விதை வீட்டில் இல்லாதவனுக்கு அதுவும் இல்லை. 2020ஆம் வருஷத்தில் அமெரிக்காவிலுங்கூட விதை கேட்போர் திடீரெனப் பெருகியமையால், பெரிய விதை வியாபாரிகள் சிலர் புதிய ஆர்டர்களைச் சில நாட்கள் ஏற்காமல் நிறுத்திவைத்தனர். இலங்கையில் 2022ஆம் வருஷத்துப் பொருள் நெருக்கடியில், சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் வீட்டில் உணவுப்பயிர் இடும்பொருட்டு வெள்ளிக்கிழமைதோறும் விடுமுறை அளிக்க ஜூன் மாதத்தில் அந்நாட்டு மந்திரிசபை தீர்மானித்தது. நெருக்கடி முற்றியபின் செய்த ஏற்பாடு அது.

மற்றொரு சங்கடமும் உண்டு. 2020ஆம் வருஷத்து ஊரடங்கு பங்குனியில் தொடங்கிற்று. 2021ஆம் வருஷத்தது சித்திரையின் கடைசியில். இரண்டும் கோடையே. இப்பகுதியில் வருஷத்து மழையிற் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்றாற் பெய்வது. கோடையிற் கிணறு வற்றி, கொல்லையும் வறண்டு கிடக்கும். தோட்டம் மிகுதியாக வேண்டப்படும் மாதங்களில்தான் தோட்டம் வைப்பது கடினம். ஆகையாற் கோடையை முன்னிட்டே வருஷ முழுமைக்கும் திட்டஞ் செய்துகொள்ள வேண்டும்.

நிலமும் தண்ணீரும்

ஐந்து பேருள்ள குடும்பத்திற்கு ஐந்து சென்ட், அதாவது சுமார் 200 சதுர மீட்டர் நிலம் போதுமென்பது தோட்டக்கலையார் கணக்கு. ஆளொன்றுக்கு நாளொன்றுக்குக் கீரையும் கிழங்கும் பிற காயும் சேர்த்து 300 கிராம் என்று வைத்துக்கொண்டால், குடும்பத்திற்கு ஒன்றரைக் கிலோ வேண்டும். மாதத்திற்கு 45 கிலோ. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் 2024ஆம் வருஷத்தில் இவ்வளவை 400 கிராமாக உயர்த்திக் கூறியுள்ளனர். ஐந்து சென்ட் நிலத்தை ஓய்வின்றி நடத்தினால் முதற்கணக்கை எட்டலாம். இரண்டாவது கணக்குக்கு முருங்கையும் வாழையும் வேலியோரத்தில் துணை நிற்க வேண்டும்.

தண்ணீர்க் கணக்கைப் பலர் போட்டுப் பார்ப்பதில்லை. சித்திரை வெயிலிற் சதுர மீட்டர் ஒன்றுக்கு நாளொன்றுக்கு நான்கைந்து லிட்டர் தண்ணீர் செல்லும். ஐந்து சென்டுக்கு 800 முதல் 1,000 லிட்டர் ஆகிறது. கிராமக் குடிநீர்த் திட்டத்தில் ஆளுக்கு 55 லிட்டர் என்ற அளவின்படி ஐந்து பேருக்கு வருவதோ 275 லிட்டர். குளித்தும் கழுவியும் எஞ்சுவது அதனினும் குறைவு. எனவே சொந்தக் கிணறு இல்லாத வீட்டார், ஆடி முதல் மாசி வரையில் ஐந்து சென்டையும் நடத்தி, பங்குனி முதல் ஆனி வரையில் ஒரு சென்டை மட்டும் காப்பாற்றுவதே அறிவுடைமை. அந்த ஒரு சென்ட் அடுக்களைக்கும் குளியலறைக்கும் அருகில் அமைதல் வேண்டும். கழிவு நீரை நேரே செடிக்கு விடாமல், ஜல்லியும் மணலும் நிரப்பிய குழி வழியாகக் கல்வாழைப் பாத்தியிற் பாய்ச்சி, அதன்பின் வாழைக்கும் சேம்புக்கும் வெண்டைக்கும் விடலாம். சமைக்காது உண்ணும் கொத்தமல்லி, வெள்ளரி போன்றவற்றிற்கு அந்நீர் ஆகாது.

தோட்ட வேலையிற் கடினமானது தண்ணீர் சுமப்பதே. அது பெரும்பாலும் வீட்டுப் பெண்மக்கள் தலையில் விழுகிறது. நோய்க்காலத்தில் அவர்களுக்குச் சமையலும் நோயாளியைப் பார்ப்பதும் ஏற்கெனவே மிகுதி. ஆலை மூடி வீட்டிலிருக்கும் ஆண்மக்கள் இவ்வேலையை ஏற்றுக்கொள்ளாத வீட்டில் தோட்டம் ஒரு மாதத்திற்குமேல் நிலைத்திருக்கும் என்று எதிர்பார்க்கலாகாது.

ஆலைகள் சூழ்ந்த இப்பகுதிக்கென்று தனியே சொல்ல வேண்டிய எச்சரிக்கை ஒன்று. பழைய இரும்புப் பீப்பாய்களையும் பிளாஸ்டிக் பீப்பாய்களையும் குறைந்த விலைக்கு வாங்கி, பாதியாக அறுத்துச் செடி வைக்கும் பழக்கம் கூடாது. எண்ணெய், வர்ணம், அமிலம் முதலியன இருந்த பாத்திரத்தை எத்தனை முறை கழுவினாலும் உணவுப்பயிருக்கு உதவாது. அவ்வாறே கட்டிட இடிபாடும் ஆலைக் கழிவும் கொட்டி மேடாக்கிய மனையில் அரையடி தோண்டிப் பார்த்து, நிறமும் நாற்றமும் மாறியிருந்தால் அவ்விடத்தை விட்டுவிட வேண்டும். அங்கே பயிரிட்டே ஆகவேண்டுமாயின், வயலிலிருந்து கொண்டுவந்த நல்ல மண்ணைத் தொட்டியிலோ புதிய பைகளிலோ நிரப்பிப் பயிரிடுக.

பயிர்முறை

ஆடி மாதத்தில் நிலத்தைக் கொத்திக் கிளறி, சென்ட் ஒன்றுக்கு 100 கிலோ வீதம் மக்கிய எருவை இட்டு, மூன்றடி அகலமுள்ள பாத்திகளாக வகுக்கவேண்டும். பாத்திகள் தரையினின்றும் அரையடிக்குக் குறையாமல் உயர்ந்திருக்க வேண்டும். தணிந்த பாத்தியிலிட்ட கத்தரியும் மிளகாயும் ஐப்பசி மழையில் நீர் தேங்கி வேரழுகிச் சாய்ந்துவிடும்; மழை பெய்தபின் வாய்க்கால் வெட்டுவது வீண் வேலை. மாடுகள் குறைந்துவிட்டமையால் எருவுக்கு எங்கே போவது என்று கேட்போர் பலர். ஆறடி நீளமும் நான்கடி அகலமும் மூன்றடி ஆழமுமுள்ள குழி ஒன்றில் சருகு, அடுக்களைக் கழிவு, சாம்பல், சிறிது சாணிக் கரைசல், மண் இவற்றை மாறி மாறிப் போட்டு ஈரங் காயாமல் வைத்தால் மூன்று நான்கு மாதங்களில் எருவாகும். இரண்டு குழி இருப்பின் ஒன்று நிறையும்போது மற்றொன்று மக்கும்.

ஆடியிலேயே கத்தரியையும் மிளகாயையும் நாற்றுவிட்டு, வெண்டை, கொத்தவரை இவற்றை நேரே ஊன்றலாம். பந்தலவரையையும் இப்போதே ஊன்றவேண்டும். பகற்பொழுது குறுகும் காலத்திற்றான் அது பூப்பதாகையால், பிந்தி ஊன்றினால் கொடி செழித்துக் காய் இராது. பரங்கியும் சாம்பற்பூசணியும் எருக்குப்பையின் ஓரத்தில் தாமே படர்ந்துகொள்ளும். மழை விட்டபின் மார்கழி, தையில் தக்காளி, முள்ளங்கி, சின்ன வெங்காயம். பெரியகுளத்தில் வெளியிடப்பட்ட பி.கே.எம். 1 தக்காளி வீட்டுத் தோட்டத்திற்கு ஏற்றது. தையிற் காய்ப்பு ஓய்ந்த கத்தரிச் செடியைப் பிடுங்கி எறியாமல், அடியிலிருந்து ஒரு சாண் விட்டுக் கவாத்துச் செய்து எருவிட்டால் மீண்டும் துளிர்த்துக் காய்க்கும். கோடைக்கு இது பெரிய உதவி.

மாசித் தொடக்கத்தில், கோடைக்கென்று வைத்த ஒரு சென்டில் வெண்டையும் கொத்தவரையும் ஊன்றிவிடவேண்டும். பங்குனி முடிவில் அவை காய்க்கத் தொடங்கும். அவற்றினிடையே அரைக்கீரையை விதைத்தால் ஒரு மாதத்திற்குள் முதல் அறுப்பும், பிறகு பத்து நாட்களுக்கொரு அறுப்பும் கிடைக்கும். வெயிலின் கடுமைக்கு வைக்கோல் அல்லது சருகை மூடாக்காகப் போட்டால் தண்ணீர் குறையும்.

வேலியோரத்து மரஞ்செடிகளே கோடையின் உண்மையான துணை. முருங்கை பங்குனி முதல் ஆனி வரையில்தான் நிறையக் காய்ப்பது. இலையோ வருஷமுழுதும் உண்டு. அகத்தி, கறிவேப்பிலை, தவசிக்கீரை, கோவை, சுண்டை இவை ஒருமுறை வைத்தால் பல வருஷம் நிற்பன. வாழையிற் காயும் பூவும் தண்டும் உதவும். நிலம் ஒரு சென்டும் இல்லாதவர்கூட இரண்டு முருங்கையும் ஒரு கறிவேப்பிலையும் வைக்கலாம். அதற்கும் இடமில்லை என்பவர் வடக்குப்பட்டு போன்ற ஊரில் மிகச் சிலரே.

இனி, தோட்டத்தில் மட்டுமன்றி வீட்டிலும் காய்கறி சேமித்திருத்தல் வேண்டும். சந்தை அருகில் இல்லாத நாளில் எல்லாக் குடும்பங்களும் அறிந்திருந்த வித்தை இது. முற்றிய சாம்பற்பூசணியைக் காம்புடன் அறுத்து உறியிலோ பரணிலோ காற்றாட வைத்தால் பல மாதங்கள் கெடாது. பரங்கி இரண்டு மூன்று மாதம் நிற்கும். சித்திரை, வைகாசியில் நட்ட சேனையைத் தையிற் தோண்டி உலர்ந்த மணலில் வைத்தால் கோடைவரை வரும். சுண்டை, மணத்தக்காளி, கொத்தவரை வற்றல்களையும் மோர்மிளகாயையும் மாசிப் பனி விட்டதும் வெயிலிற் போட்டு எடுத்து வைப்பது, இருபது நாள் ஊரடங்கைப் பொறுத்தவரை ஒரு சென்ட் நிலத்துக்குச் சமம்.

பூச்சிகளைப்பற்றி அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. கத்தரியில் வாடித் தொங்கும் நுனிகளை உடனே கிள்ளி எரித்துவிட்டால் காய்ப்புழு பெருகாது. வெண்டையில் இலை நரம்பு மஞ்சளித்த செடியைக் கண்டதும் பிடுங்கவேண்டும். வெள்ளை ஈக்கள் அந்நோயை மற்றச் செடிகளுக்குக் கொண்டுபோகும். வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, லிட்டருக்கு 50 கிராம் வீதம் இரவு முழுவதும் ஊறவைத்து வடித்துத் தெளிப்பது பல பூச்சிகளுக்கும் போதும். அவரை அசுவினிக்குக் காலைப் பனியிற் சாம்பல் தூவுவது பழைய வழக்கம். 2020ஆம் வருஷத்திற் பலர் அச்சத்தாற் காய்கறியைச் சோப்பு நீரிற் கழுவினர். கொரோனா பெரும்பாலும் மூச்சுக்காற்றாற் பரவுவது; காய்க்கு ஓடும் தண்ணீரே போதும், சோப்பு வயிற்றுக்குத் தீங்கு.

ஊராருக்கும் அதிகாரிகளுக்கும்

தொழிற்சாலைகளில் வேலைசெய்ய வட நாட்டிலிருந்தும் பிற ஜில்லாக்களிலிருந்தும் வந்தவர்கள் இக்கிராமங்களில் வாடகை அறைகளில் வசிக்கின்றனர். ஊரடங்கில் முதலிற் கூலி இழந்தவர்களும், ரேஷன் அட்டை சொந்த ஊரில் இருந்தமையால் இடருற்றவர்களும் அவர்களே. அறை வாடகைக்கு விடும் நிலக்காரர், கிணற்றடியில் அரை சென்ட் நிலத்தை அவர்களுக்கென்று ஒதுக்குவது கடினமன்று. விலைபோகும் நாளை எதிர்பார்த்துத் தரிசாகக் கிடக்கும் மனைகளை ஒரு பருவத்திற்குப் பயிரிட விடலாம். பின்னால் உரிமை கேட்பார்களோ என்ற அச்சமே உடையவர்களைத் தடுக்கிறது. கால அளவையும் பயிரையும் குறித்து இருவரும் ஒப்பமிட்ட சீட்டு ஒன்று எழுதிக்கொண்டு, ஊராட்சித் தலைவர் அல்லது கிராம நிர்வாக அதிகாரிக்கும் தெரிவித்து வைத்தால் தகராறுக்கு இடம் குறையும்.

கிராம அதிகாரிகள் பயிர்க் கணக்கு எடுக்கும்போது கொல்லைத் தோட்டங்களை எண்ணுவதில்லை. எந்த வீட்டில் தோட்டமுண்டு, எவரிடம் விதையுண்டு, எந்தக் கிணறு கோடையில் வற்றாது என்ற மூன்றையும் ஒரு சிறு நோட்டுப் புத்தகத்திற் குறித்து வைத்திருந்தால், தெரு அடைக்கப்படும் நாளில் எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்குக் காயனுப்பலாம் என்பது ஒரு மணி நேரத்திற் தெரிந்துவிடும். தமிழ்நாட்டுத் தோட்டக்கலைத் துறையார் 2021ஆம் வருஷத்தில் தொடங்கிய ஊட்டந்தரும் காய்கறித் தோட்டத் திட்டத்தில் கிராமத்தாருக்குப் பன்னிரண்டு வகை விதைகள் அடங்கிய பொட்டலம் கொடுக்கப்பட்டது. இத்தகைய பொட்டலங்களைப் பெற்றவர்கள் அவ்விதையை ஒரே பருவத்தோடு தீர்த்துவிடாமல், அடுத்த வருஷத்துக்கு விதையெடுத்திருக்க வேண்டும்.

விதையெடுக்கும் முறை எளிது. நாட்டு ரகங்களிலும், தேர்வு ரகங்களிலும் எடுக்கலாம். வீரிய ஒட்டு ரகத்தின் விதை தாயைப்போல் முளைக்காது. பாத்தியிற் செழித்த, நோயற்ற செடியிரண்டை நூல் கட்டி அடையாளஞ் செய்து, அதன் காயைச் சமையலுக்குப் பறிக்காமல் முற்றவிட வேண்டும். தக்காளிச் சதையைப் பிழிந்து ஒருநாள் புளிக்கவைத்துக் கழுவினால் வழவழப்பு நீங்கி விதை தனியாகும். கத்தரி பழுத்து மஞ்சளித்தபின் அரிந்து நீரிற் பிசைந்து, அடியிற் தங்கும் விதையை எடுக்கவேண்டும். வெண்டையும் அவரையும் செடியிலேயே உலரட்டும். எல்லாவற்றையும் நிழலிலும் பிறகு இளவெயிலிலும் காயவைத்து, அவரை, காராமணி இவற்றுடன் சாம்பல் கலந்து, மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் உலர்ந்த வேப்பிலையுடன் வைக்கலாம். அரை சென்டுக்கு வெண்டை விதை 20 கிராமும், கீரை விதை 5 கிராமும் போதும். கத்தரியும் தக்காளியும் வெண்டையும் இரண்டு மூன்று வருஷம் முளைப்புத் திறன் கெடாமல் இருக்கும். வெங்காய விதை ஒரு வருஷத்திற்கு மேல் நிற்காதாகையால் அதனை ஆண்டுதோறும் புதிதாக வாங்குவதோ, விதைக்காயை நேரே நடுவதோ நலம். ஒவ்வொரு புட்டியிலும் பயிரின் பெயரையும், எடுத்த மாதத்தையும் எழுதி ஒட்டிவைத்து, ஆனி மாதத்தில் ஈரத்துணியிற் பத்து விதைகளை முடிந்து முளைவிட்டுப் பார்க்கவேண்டும். ஆறுக்குக் குறைவாக முளைத்த புட்டியை ஒதுக்கிவிட்டு, ஆடிப்பட்டத்துக்கு முன்னரே வேறு விதை தேடிக்கொள்ளலாம்.